வடசென்னையிலிருந்து வெளிநாட்டுக்கு மியூசிக் படிக்கப் போக

பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் நன்றாக வாசிக்கிற பிள்ளைகளுக்குக் குறைச்சலே இல்லை. சர்ச்சில் கீபோர்டு, ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்ஸ், கானாவுக்கு டோலக், கர்நாடக சங்கீதத்துக்கு வயலின், மிருதங்கம் என்று தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார்கள். அவர்களில் யாராவது வெளிநாட்டில் மியூசிக் படிக்கணும் என்று ஆரம்பித்தால் வாயில் முதலில் வருவது ஒரு காலேஜ் பெயர்தான். அங்கிருந்து தொடங்காதீர்கள். நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள், அதை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள், வீட்டில் எவ்வளவு பணம் புரட்ட முடியும், இந்த மூன்றையும் வைத்துக் காலேஜைத் தேடுங்கள். அதுவும் இரண்டு வருடம் முன்னாலேயே.

வெஸ்டர்ன் கிளாசிக்கல் கிரேடு பரீட்சை (ஒன்று முதல் எட்டு வரை படிப்படியாகப் போகும் தேர்வு) எழுதி வந்தவர்கள் இங்கிலாந்து, ஜெர்மனி இரண்டையும் பார்க்கலாம். லண்டனில் 1822-ல் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் மாதிரியான இடங்களில் கிரேடு 8 என்பது வாசற்படி மட்டும்தான், அதைத் தாண்டி வாசித்துக் காட்ட வேண்டும். கிரேடில் ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது: இந்தப் பரீட்சைகளை நடத்தும் அமைப்புகளில் ஏபிஆர்எஸ்எம்மில் கிரேடு 6-ம் அதற்கு மேலும் எழுத வழக்கமாக கிரேடு 5 தியரி (எழுத்துத் தேர்வு) பாஸ் செய்திருக்க வேண்டும், டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை.

காதால் கேட்டுக் கேட்டே வாசிக்கப் பழகியவர்களுக்கு பாஸ்டனில் இருக்கும் பெர்க்லீ மாதிரி இடங்கள் உண்மையிலேயே பொருந்தும். அங்கே ஆடிஷனில் (சேருவதற்கு வாசித்துக் காட்டும் தேர்வு) எந்த ஸ்டைலிலும் ஒரு பீஸ் வாசிக்கலாம், இம்ப்ரோவைஸ் செய்ய, அதாவது அந்த இடத்திலேயே கற்பனையாக வாசிக்கச் சொல்வார்கள், அவர்கள் வாசிப்பதைக் கேட்டு அப்படியே திருப்பி வாசிக்கச் சொல்வார்கள், நோட்டேஷன் (எழுதிய சுரம்) பார்த்து வாசிக்கவும் சொல்வார்கள். ஆனால் கட்டணமும் தங்குமிடமும் சேர்த்து வருடத்துக்கு 70,000 டாலரைத் தாண்டும். ஸ்காலர்ஷிப் கிடைத்தாலும் மீதி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் வெளிநாட்டில் நமக்கு என்ன இருக்கிறது என்று ஒதுங்கிவிடுகிறார்கள், அது எனக்கு ரொம்ப வருத்தம். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960-களிலிருந்தே கர்நாடக இசை பாடமாக இருக்கிறது. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிகள் டி. ரங்கநாதனும் டி. விஸ்வநாதனும் அங்கேதான் மிருதங்கமும் புல்லாங்குழலும் சொல்லிக்கொடுத்தார்கள், இன்றைக்கும் வருடா வருடம் நவராத்திரி விழா நடக்கிறது. அங்கே முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் தேர்வாகிறவர்களுக்குப் பொதுவாகக் கட்டணத் தள்ளுபடியும் மாத உதவித்தொகையும் உண்டு. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் வெள்ளைக்காரரின் வயலினைக் கற்றுக்கொண்டது நம் மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில்தான். அந்தப் பக்கத்து வாத்தியம் இங்கே வந்து நம்முடையதாகிவிட்டது, இங்கேயிருந்து நம் பாட்டோடு அங்கே போவதில் தயங்க ஒன்றுமே இல்லை.

சரி, நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் சைட் ரீடிங், அதாவது முன்பின் பார்க்காத நோட்டேஷனைப் பார்த்த உடனே வாசிப்பது. ஒரு தடவை கேட்டால் பாட்டை அப்படியே வாசித்துவிடுவார்கள், தாளை முன்னால் வைத்தால் கை நின்றுவிடும். இதற்குப் பெரிய செலவில்லை. சர்ச்சில் ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் சுரம்) போட்ட கீர்த்தனைப் புத்தகமோ ஹிம் புக்கோ இருக்கும், நாலு குரலுக்கும் சுரம் எழுதியிருக்கும், கொயர் மாஸ்டரிடம் கேட்டால் தருவார், எந்த மதத்துப் பிள்ளை கேட்டாலும் தருவார். இதுவரை கேட்டிராத ஒரு பாட்டைப் புரட்டுங்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) ரொம்ப மெதுவாக, நிமிடத்துக்கு 50 தட்டில் வையுங்கள். முதலில் மேல் வரி மட்டும், அப்புறம் கீழ் வரி, அப்புறம் இரண்டு கையும். தப்பு வந்தால் திரும்பிப் போய்ச் சரி செய்யக் கூடாது, தாளம் நிற்காமல் அடுத்த பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) போய்விட வேண்டும். ஒரு பாட்டை இரண்டு தடவைக்கு மேல் வாசிக்காதீர்கள், மூன்றாவது தடவை கண்ணுக்கு வேலை போய்விடும், காது எடுத்துக்கொள்ளும். தினம் கால் மணி நேரம் போதும், ஆனால் தினம்.

அடுத்தது வீடியோ. நிறைய காலேஜ்கள் முதலில் ஒரு பதிவு கேட்கின்றன, அதில் தேறினால்தான் நேர்முக ஆடிஷன். ஒரு பீஸை ஆரம்பம் முதல் முடிவு வரை வெட்டாமல், ஒட்டாமல், ஒரே டேக்கில், முகமும் கையும் தெரிய எடுக்க வேண்டும். ரிவெர்ப் (எதிரொலி) போட்டு இனிமையாக்கினால் சந்தேகம்தான் வரும். போனே போதும், படுக்கை வாட்டில் ஸ்டாண்டில் வைத்து, முடிந்தால் ஒரு சின்ன யுஎஸ்பி மைக். நம் பக்கம் பெரிய பிரச்சினை சத்தம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ராத்திரி முழுக்க ஓடும், ரயில்பாதை ஓரம் என்றால் ஹாரன் வேறு. மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற பள்ளி வகுப்பறையோ சர்ச் ஹாலோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டுப் பாருங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள், மே மாதத்தில் வேர்த்துக் கொட்டும், அதனால் பதிவை டிசம்பர், ஜனவரியில் எடுக்கிற மாதிரி வருடத்தைத் திட்டமிடுங்கள், அது அடுத்த விண்ணப்பத்துக்குக் கைவசம் இருக்கும்.

தேதிகள் கறார். இங்கிலாந்தின் பெரும்பாலான இசைக் கல்லூரிகளுக்கு யூகாஸ் கன்சர்வட்டோயர்ஸ் என்கிற பொது விண்ணப்பத் தளம் வழியாகப் போட வேண்டும், மியூசிக்குக் கடைசி நாள் அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடும், படிப்பு தொடங்குவது அடுத்த வருடம் செப்டம்பரில். ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுத பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது, ஆகவே எல்லாவற்றுக்கும் முதல் வேலை பாஸ்போர்ட்.

பணத்தைப் பற்றி. ஜெர்மனியில் அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலும் கல்விக்கட்டணம் கிடையாது (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, லைப்சிக்கிலும் கட்டணம் உண்டு). ஆனால் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முடக்குக் கணக்கில் (மாதாமாதம் ஒரு அளவுக்கு மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. ஜெர்மன் மொழிச் சான்றும் கேட்பார்கள். விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் ஆயிரம் விளக்கில் இறங்கி ஜெர்மன் சொல்லித்தரும் மேக்ஸ் முல்லர் பவனுக்குப் போய்விடலாம், வகுப்பை இந்த வருடமே ஆரம்பியுங்கள். அங்கே எந்தப் பேராசிரியரிடம் படிக்க ஆசையோ அவருக்கு முன்னாலேயே மெயில் எழுதி ஒரு வகுப்பு கேட்பது சாதாரண நடைமுறை, கூச்சப்பட வேண்டாம்.

கல்விக்கடன் என்றால், பொதுத்துறை வங்கிகள் வழக்கமாக 7.5 லட்சத்துக்கு மேல் சொத்து ஜாமீன் கேட்கும். வாரியக் குடியிருப்பில் இருக்கிற பல குடும்பங்களிடம் விற்பனைப் பத்திரம் இருக்காது, ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருக்கும், அதை வங்கி ஏற்காது. அதனால்தான் இளங்கலையை இங்கேயே முடித்துவிட்டு முதுகலைக்குப் போங்கள் என்று நான் பெற்றோரிடம் சொல்கிறேன். ஸ்காலர்ஷிப்களில் பெரும்பகுதி அந்தக் கட்டத்தில்தான் திறக்கிறது. இங்கிலாந்து அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப் முதுகலைக்குத்தான், இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறது. ஜே.என். டாடா அறக்கட்டளையின் கடன் உதவித்தொகை உண்டு. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவுகிறது, அந்தந்த வருட அறிவிப்பில் பாடப்பட்டியலைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

கன்சல்டன்சி ஆபீசுக்கு முதலில் போகாதீர்கள். மியூசிக் என்று போன ஒரு பையனை, அதே ஊரில் மேனேஜ்மென்ட் சீட் இருக்கிறது, போய் மாறிக்கொள்ளலாம் என்று அனுப்பப் பார்த்தார்கள். விசாவில் இருக்கிற படிப்பை நினைத்தபடி மாற்ற முடியாது. காலேஜின் அட்மிஷன் ஆபீசுக்கு நேரே மெயில் போடுங்கள், ஒரு மாணவனின் எளிய ஆங்கிலத்துக்கும் பொறுமையாகப் பதில் எழுதுகிறார்கள்.

விசா அதிகாரி "மியூசிக் படித்து என்ன செய்யப் போகிறாய்" என்று கேட்பார், அப்பா கேட்கிற அதே கேள்விதான். அப்பாவுக்குத் திருப்தியாகச் சொல்ல முடிகிற பதிலைத் தயார் செய்யுங்கள், இங்கே திரும்பி வந்து யாருக்கு, எங்கே, என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்கிற அளவுக்கு. இங்கிலாந்துக்கு என்றால் காட்டுகிற பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும், கடைசி நேரத்தில் கைமாற்று வாங்கிப் போட்டால் நிராகரித்துவிடுவார்கள்.

கச்சேரி வாசித்துச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது. இங்கிலாந்தின் மாணவர் விசாவில் பொழுதுபோக்குக் கலைஞராகச் சம்பாதிக்கத் தடை, அமெரிக்காவில் அனுமதியில்லாமல் வெளியே பணம் வாங்கி வாசித்தால் விசாவே போய்விடும். அங்கே கேம்பஸுக்குள் லைப்ரரி, பிராக்டிஸ் ரூம் மாதிரி வேலைகள் உண்டு, வாரத்துக்கு 20 மணி நேரம் வரை. அதை மட்டும் கணக்கில் எடுங்கள்.