முதலில் கல்லடியில் கவிழுங்கள், அப்புறம் கித்துல்கல போகலாம்

மட்டக்களப்பில் பிறந்தவனுக்குத் தோணி புதிதில்லை. ஆனால் பாறைக்கு நடுவே நுரைத்து ஓடும் ஆறு புதிது, கல்லடியில் உள்ள எங்கள் வாவி அதைக் கற்றுத் தராது. அதற்குக் கித்துல்கல போக வேண்டும், களனி கங்கைக்கு. வாவி கற்றுத் தருவது வேறொன்று: தலைகீழாகக் கவிழ்ந்த கயாக்கில் (உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகு) இருந்து பதறாமல் வெளியே வருவது. இதைப் பழகாமல் ஆற்றுக்குப் போகாதீர்கள்.

படி 1: எதை மாட்டுவது

லைஃப் ஜக்கெட்டைப் போட்டு எல்லாப் பட்டியையும் இறுக்கிய பிறகு, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே இழுக்க ஒருவரிடம் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது, வேறு எடுங்கள். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும், தொப்பி மாதிரிப் பின்னால் சாய்த்துப் போடுவது படத்துக்கு அழகு, பாறைக்கு அல்ல. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம், அதன் உட்பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும். காலுக்குக் கழராத சப்பாத்து, ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பின்னால் கயிறு கட்டுங்கள், என்னுடையது இன்னும் வாவிக்கு அடியில்தான் கிடக்கிறது.

அடுத்து ஸ்ப்ரே ஸ்கர்ட். இடுப்பில் பாவாடை போல மாட்டி, அதன் ஓரத்தைக் கயாக்கின் வாயைச் சுற்றி இழுத்து மாட்டினால் தண்ணீர் உள்ளே வராது. பின்பக்கத்தில் தொடங்கி முன்னுக்கு வர வேண்டும். முன் நுனியில் ஒரு வளையம் தொங்கும், அதை இழுத்துத்தான் ஸ்கர்ட்டைக் கழற்ற வேண்டும். அது வெளியே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள். நான் முதல் நாள் வளையத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, கவிழ்ந்த பிறகு தலைகீழாக அதைத் தேடினேன். பக்கத்தில் நின்ற கூட்டாளி படகைப் புரட்டி நிமிர்த்தாவிட்டால் இதை எழுத ஆள் இல்லை.

படி 2: கவிழ்ந்து எழும்புவது

காலை 6 மணிக்கு இறங்குங்கள். கச்சான் காற்று எழும்பிவிட்டால் வாவியில் ஒன்றும் பழக முடியாது. எந்தக் கரையில் இறங்கலாம் என்று அங்கே வலை வீசுகிறவர்களிடம் கேளுங்கள், முதலை நடமாடும் இடம் அவர்களுக்குத் தெரியும். தண்ணீர் நெஞ்சளவு இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

கவிழ்ந்தவுடன் முன்னால் குனிந்து முகத்தைப் படகோடு ஒட்டுங்கள். பின்னால் சாய்ந்தால் முகம்தான் பாறையில் தேயும். படகின் அடியை இரு கையாலும் மூன்று தடவை தட்டுங்கள், பதற்றம் அடங்கும், நிற்பவருக்கும் புரியும். பிறகு வளையத்தை முதலில் முன்னுக்குத் தள்ளி, அப்புறம் மேலே இழுங்கள். நேரே வயிற்றுப்பக்கம் இழுத்தால் அது கழராது. இடுப்பின் இரு பக்கமும் கை ஊன்றி, காற்சட்டை கழற்றுவது போல உருவிக்கொண்டு வெளியே வாருங்கள். மொத்தம் ஐந்தாறு விநாடிதான், உள்ளே இருப்பவனுக்கு அது ஐந்தாறு நிமிடம். பத்துத் தடவை செய்யுங்கள். தோணியில் போன ஒரு ஐயா என்னைப் பார்த்து, "என்ன மனே, ஓடத் தெரியாட்டி ஏன் ஏறுற?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்கட்டும்.

படி 3: ஆற்றில்

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதியைப் பிடித்தால் பதுளை, நுவரெலியா, ஹட்டன் வழியாகக் கித்துல்கல போய்விடலாம். வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள். மேலே நீர்மின் நிலையங்கள் இருப்பதால், மழையே இல்லாத நாளிலும் தண்ணீர் திடீரென ஏறலாம்.

ஆறு நுரைத்து வேகமாக ஓடும் இடத்துக்கு ரேப்பிட் என்று பெயர். ரேப்பிட்டுகளை எளிதான 1 முதல் மிகக் கடினமான 6 வரை தரம் பிரிப்பார்கள். புதியவருக்கு 1, மிஞ்சினால் 2. பாறை எதிரே வந்தால் உடம்பு தானாக மறுபக்கம் சாயும், அப்படிச் சாய்ந்தால் ஆறு படகில் தண்ணீர் வந்து மோதும் பக்க ஓரத்தை அமுக்கிக் கவிழ்த்துவிடும். பாறையைக் கட்டிப்பிடிக்கப் போவது போல அதன் பக்கமே சாயுங்கள். பாறைக்குப் பின்னால் தண்ணீர் மெல்லத் திரும்பி மேல்நோக்கி ஓடும் இடம் உண்டு, மூச்சு வாங்க அங்கே ஒதுங்கலாம்.

படகை விட்டு விழுந்துவிட்டால் மல்லாந்து மிதந்து, கால்விரல் மேலே தெரிய, பாதம் ஓட்டத்தின் திசையில் இருக்க வேண்டும். வேகமான தண்ணீரில் எழுந்து நிற்காதீர்கள், முழங்காலளவு ஆழமாக இருந்தாலும். பாதம் கல்லிடுக்கில் மாட்டினால் ஓட்டம் உங்களை முகங்குப்புற அமுக்கிவிடும், பிறகு லைஃப் ஜக்கெட்டாலும் பயனில்லை. தண்ணீர் நிறைந்த படகுக்கும் பாறைக்கும் நடுவிலும் போகாதீர்கள். கரையில் இருந்து கயிற்றுப் பை (உள்ளே மீட்புக் கயிறு அடைத்த பை) எறிந்தால் பையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள், ஆனால் அதைக் கையில் சுற்றாதீர்கள்.

பயமாக இருக்கும் ரேப்பிட்டைக் கரையால் படகைச் சுமந்து கடக்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் முதல் பயணத்தில் இரண்டு இடத்தில் நடந்தேன். இரண்டாவதில் வழிகாட்டியும் என்னோடு நடந்தார்.