வார்கிராஃப்ட் 3 மேப்பில் நீளும் அரே: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீப்பிடித்து எரியும் யூனிட்கள், பறந்துகொண்டிருக்கும் அம்புகள் என்று எத்தனை வரும் என முன்கூட்டியே சொல்ல முடியாத பட்டியல்கள் எந்த மேப்புக்கும் தேவைப்படும். வார்கிராஃப்ட் 3 கணினி விளையாட்டுக்கு மேப் உருவாக்கும் வேர்ல்ட் எடிட்டரின் ஸ்கிரிப்ட் மொழியான ஜாஸில் அரே (எண்ணிட்ட இடங்களில் மதிப்புகளை வைக்கும் பட்டியல்) உண்டு, ஆனால் தன் நீளம் அதற்குத் தெரியாது. பக்கத்தில் ஓர் எண்ணிக்கை வேரியபிளை வைத்துக்கொண்டு நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கும் அரேயும் ஒத்துப்போகாதபோதுதான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன.

முதலில், வேரியபிள் எடிட்டரில் கேட்கும் சைஸை உச்சவரம்பு என்று நினைக்க வேண்டாம். தொடக்க மதிப்பு எதுவரை போட வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. இன்டிஜர் அரே என்றால் சைஸ் 1 என்று விட்டுவிட்டு 500-ஆவது இடத்தில்கூட எழுதலாம். யூனிட் குரூப், டைமர் அரேக்களில் அப்படி முடியாது. சைஸைத் தாண்டிய இடங்களில் குரூப் உருவாக்கப்பட்டிருக்காது. 10-ஆவது குரூப்பில் யூனிட்டைச் சேர்த்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, யூனிட்டும் சேராது. பலரும் மணிக்கணக்கில் தேடுவது இதைத்தான்.

உண்மையான உச்சவரம்பு வேறு. 2018-இல் வந்த 1.29 பேட்ச் வரை அது 8192, அதன்பின் 32768. யூனிட்டின் ஹேண்டில் எண்ணை (ஆட்டமே ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் அடையாள எண்) நேராக இண்டெக்ஸாக, அதாவது அரேயின் இட எண்ணாக, வைக்கலாமே என்று தோன்றும். அந்த எண்கள் 1048576-இலிருந்து தொடங்குபவை. அதைக் கழித்துவிட்டுப் பயன்படுத்தும் பழைய வழியும் ஆட்டம் நீண்டு ஹேண்டில்கள் பெருகினால் எல்லையைத் தாண்டிவிடும். இதற்கு, எந்த எண்ணையும் சாவியாக வைத்து மதிப்பைச் சேமிக்கும் ஹேஷ்டேபிள்தான் சரி.

இனி நீக்கல். மேப்களில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இங்கேதான். எரியும் பட்டியலில் நான்கு பேர்: 1 கிரன்ட், 2 ஃபுட்மேன், 3 நைட், 4 ஆர்ச்சர். பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் லூப் ஓடும்போது 2-இல் இருக்கும் ஃபுட்மேன் செத்துவிடுகிறான். கடைசியில் இருக்கும் ஆர்ச்சரை 2-க்குக் கொண்டுவந்து, எண்ணிக்கையை 3 ஆக்குகிறோம். முறை சரிதான், வேகமானதும்கூட. ஆனால் லூப் அடுத்து 3-க்குப் போய்விடும். 2-க்கு வந்துவிட்ட ஆர்ச்சருக்கு இந்தச் சுற்றில் தீக்காயமே இல்லை. ஆகவே நீக்கிய கையோடு இண்டெக்ஸையும் ஒன்று குறைக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. யூனிட்டுக்கு ஓர் அரே, டேமேஜுக்கு ஒன்று, மீதி நேரத்துக்கு ஒன்று என்று மூன்று வைத்திருப்போம். மூன்றையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். மீதி நேரத்தை மறந்தால் ஃபுட்மேனின் நேரம் ஆர்ச்சருக்குப் போய்விடும். தீ சீக்கிரம் அணையும், அல்லது அணையவே அணையாததுபோல இழுக்கும். ட்ரிகரை, அதாவது ஒரு நிகழ்வு நடந்ததும் ஓடும் கட்டளைத் தொகுப்பை, பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும். பிறகு நான்காவது அரே ஒன்றைச் சேர்க்கும்போது நீக்கும் பகுதியைத் திருத்த மறப்பதும் இதே வகைதான். நீக்கும் வேலையை ஒரே இடத்தில் வைத்து, எல்லா ட்ரிகரும் அதையே அழைக்கும்படி செய்துவிடுங்கள்.

லூப்பை எப்படி எழுதுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கோடு எழுதாமல் மெனுவில் தேர்ந்தெடுத்தே ட்ரிகர் அமைக்கும் ஜியூஐயின் 'இன்டிஜர் ஏ' லூப், முடிவு எண்ணைத் தொடக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளும். நடுவில் எண்ணிக்கை 3 ஆகக் குறைந்தாலும் அது 4 வரை ஓடும். காலியான 4-ஐ அழிக்காமல் விட்டிருந்தால் ஆர்ச்சர் இரண்டு முறை எரிவாள். மேலும் இன்டிஜர் ஏ என்பது எல்லா ட்ரிகருக்கும் பொதுவானது. நாம் டேமேஜ் கொடுத்ததும் ஓடும் இன்னொரு ட்ரிகர் அதையே பயன்படுத்தினால் நம் லூப் எங்கோ போய் நிற்கும். சொந்த இன்டிஜர் வேரியபிளை வைத்து ஓட்டும் லூப் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கையை மறுபடி பார்க்கும். அதையே எடுங்கள், அந்த வேரியபிளையும் வேறெங்கும் தொடாதீர்கள்.

2019-இல் 1.31 பேட்ச்சோடு, ஜாஸுக்கு மாற்றாக லூவா என்ற மொழியும் வந்தது. நீளத்தை மொழியே சொல்லிவிடும் என்பது பெரிய நிம்மதி. ஆனால் நடுவில் ஓர் இடத்தை நில் (மதிப்பு ஏதும் இல்லாதது) ஆக்கினால் அந்த நீளத்தை நம்ப முடியாது. நடுவில் ஓட்டை விடாமல் நீக்குங்கள். பலர் சேர்ந்து ஆடும் மேப்பில் பட்டியலில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் பேர்ஸ் கொண்டு ஆட்டத்தை மாற்றும் வேலை எதையும் செய்யாதீர்கள். அதன் வரிசை எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்கும் என்ற உறுதி இல்லை. வரிசை மாறினால் டிசிங்க் ஆகி, அதாவது கணினிகளின் ஆட்டநிலை ஒன்றோடொன்று பொருந்தாமல் போய், ஆட்டக்காரர் வெளியே தள்ளப்படுவார்.

சோதிக்கும்போது ஒரு சாட் கட்டளை வைத்துக்கொள்ளுங்கள். தட்டினால் எண்ணிக்கையும், ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் யூனிட்டின் பெயரும் மீதி நேரமும் திரையில் வரட்டும். இரண்டு யூனிட்களை ஒரே நேரத்தில் கொன்றுவிட்டு அதைத் தட்டிப் பாருங்கள். நீக்கலில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.