ரஃபேலின் லீடா: தொட்டெழுதும் பேனாவால் நகல் எடுக்கும் முறை

கிரேக்கப் புராணத்தில் தேவர்களின் தலைவன் ஸீயஸ் அன்னமாக வந்து சேர்ந்த பெண் லீடா. அவளை நின்ற கோலத்தில் லியொனார்டோ டா வின்சி வடிவமைத்தார். அந்த ஓவியம் இன்று இல்லை. பிறர் எடுத்த நகல்களால்தான் அதை அறிகிறோம். அவற்றில் மிக முந்தையவற்றுள் ஒன்று, 1507 வாக்கில் இளம் இத்தாலிய ஓவியர் ரஃபேல் பேனாவால் வரைந்த தாள். இப்போது பிரிட்டிஷ் அரச சேகரிப்பில், வின்ட்சரில் இருக்கிறது. நகலிலிருந்து நகலா என்று தயங்க வேண்டாம். வண்ண ஓவியத்தில் மறைந்துபோகும் கோட்டு வேலை இதில் வெளிப்படையாகத் தெரியும்.

தேவையானவை

ரஃபேல் தாளின் அளவு 30.8 × 19.2 செ.மீ. ஏ4 தாளில் அடங்காது. அதன் படத்தை ஏ3-இல் அச்செடுங்கள், 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வை நீக்கிவிட்டு, அச்சான படத்தை ஸ்கேலால் அளந்து சரிபாருங்கள்.

வரைய 200 ஜி.எஸ்.எம். அல்லது அதற்கு மேற்பட்ட வழவழப்பான தாள். சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் நிப் மாட்டும். ஜெராக்ஸ் தாளில் மை ஊறிப் பரவும். வளையும் தன்மையுள்ள கூர் நிப், அடர்பழுப்பு மை, 2எச் பென்சில். அக்காலத்தில் பரவலாகப் புழங்கிய இரும்பு மை எழுதியதும் கறுத்து, நாளடைவில் பழுப்பேறும். ஆகவே இன்று நாம் காணும் பழுப்பு பெரும்பாலும் வயதின் நிறம்.

புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்க்காவிட்டால் மை முத்து முத்தாக உருளும்.

படி 1: நிற்கும் நிலை

அச்சுப்படியிலும் தாளிலும் 4 செ.மீ. கட்டங்கள் போடுங்கள். கடைசி வரிசைகள் குறுகலாக வரும், பரவாயில்லை. இதைவிடச் சிறிய கட்டம் வேண்டாம்: ஒவ்வொரு கட்டமும் சரியாக இருக்கும், உடம்பு மட்டும் நெளியாது.

லீடாவின் அழகே அந்த நெளிவுதான். உடல் அன்னத்தின் பக்கம், தலை எதிர்ப்பக்கம். தொண்டைக்குழியிலிருந்து ஒரு நூலை நேராகத் தொங்கவிட்டு, அது பாதத்தருகே எங்கே விழுகிறது என்று குறியுங்கள். கண்கள், தோள்கள், இடுப்பு, முழங்கால்கள் ஆகிய நான்கின் சாய்வையும் நான்கு கோடுகளாக முதலில் போடுங்கள். புதியவர்கள் கை இந்தச் சாய்வுகளை அறியாமலே நேராக்கிவிடும். உருவம் மரக்கட்டையாவது இங்கேதான்.

பென்சிலை அழுத்தாதீர்கள். பள்ளத்தில் மை தேங்கிக் கோடு தடிக்கும்.

படி 2: புறக்கோடு

இரண்டு பங்கு மைக்கு ஒரு பங்கு தண்ணீர். வலக்கைக்காரர்கள் இடப்பக்கம் மேலிருந்து தொடங்கினால் கை மையில் படாது. நிப்பை எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் தாளின் நாரைக் கிளறி மை தெறிக்கும். கை திரும்பாத இடத்தில் தாளைத் திருப்புங்கள். வெளிச்சம் படும் பக்கம் கோடு மெலியட்டும், சில இடங்களில் அறுபடட்டும்.

படி 3: நிழல் கோடுகள்

அக்காலத்தில் லியொனார்டோவே உடலைச் சுற்றி வளையும் நிழல் கோடுகளுக்கு மாறியிருந்தார். ரஃபேல் அதைப் பிடித்துக்கொண்டார். தொடையில் கோடு வளையல்போலச் சுற்ற வேண்டும். முதலில் வேறு தாளில் உருளை, முட்டை இரண்டையும் இப்படி வரைந்து பழகுங்கள்.

கோடுகளுக்கிடையே ஏறத்தாழ 1 மி.மீ. வெளிச்சப் பக்கம் வரும்போது நிப்பைத் தூக்கினால் முனை தானே கரையும். முதல் அடுக்கு நன்றாகக் காயட்டும். ஈரத்தின்மேல் குறுக்கே போனால் சந்திப்புகளில் புள்ளி விழும். இரண்டாம் அடுக்கு முதலதை 20–30 பாகைச் சாய்வில் வெட்டட்டும்; செங்கோணத்தில் வெட்டினால் தொடைமேல் கொசுவலை போர்த்தியதுபோல் ஆகிவிடும். நீர் கலக்காத மை கடைசியில், ஆழ்ந்த நிழலுக்கு மட்டும்.

அன்னத்தின் இறகுகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், வளைவு போதும்.

தவறு நேர்ந்தால்

முழுக்கக் காய்ந்தபின் பிளேடின் நுனியால் மெல்லச் சுரண்டி, மேலே ஒரு காகிதம் வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் தேயுங்கள். தேய்க்காமல் வரைந்தால் அங்கே மை ஊறும். பென்சில் கட்டங்களை ஒரு நாள் கழித்து அழிக்கலாம்.

தாளின் பின்புறம் உங்கள் பெயர், தேதி, 'ரஃபேலைப் பார்த்து வரைந்தது' என்று எழுதிவிடுங்கள்.