முட்டி மாற்றியபின் ஜெபத்தில் நான் செய்த தவறுகள்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாலாம் நாள் ராத்திரி, வலி தாங்காமல் நேர்ந்துகொண்டேன்: "மாதாவே, இது சரியானால் வேளாங்கண்ணி மணலில் முட்டி போட்டே நகர்ந்து வருகிறேன்." மறுநாள் வந்த பிசியோ தம்பியிடம் சொன்னேன். "எந்த முட்டியை வெச்சும்மா?" என்று கேட்டார். மாற்று முட்டியைத் தரையில் ஊன்ற வேண்டாம் என்று டாக்டர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்.

வலி உச்சத்தில் இருக்கும்போது கடவுளிடம் பேரம் பேசாதீர்கள். அந்த நேரத்தில் வாயில் எது வரும் என்று நமக்கே தெரியாது. ஏற்கெனவே நேர்ந்தாகிவிட்டதா? பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லுங்கள். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கத் திருச்சபைச் சட்டமே பங்குத்தந்தைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. என்னுடையதை அவர் ஒருவருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதாக மாற்றிவிட்டார்.

அடுத்தது நான் பெரிதாகச் சறுக்கிய இடம். பார்க்க வந்த ஓர் அக்கா, "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?" என்றார். ரோஷம் வந்து இரண்டு நாள் வலி மாத்திரையை நிறுத்தினேன். வலியில் காலை மடக்கவே முடியவில்லை. தம்பி கோணம் அளக்கும் ஸ்கேலை முட்டியின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். போன வாரம் 75 டிகிரிவரை மடங்கியது, இப்போது 65தான். ஆரம்ப வாரங்களில் மடக்காமல் விட்டால் உள்ளே தழும்புத் திசு இறுகி முட்டி விறைத்துவிடும். அதற்காகத்தான் பயிற்சிக்கு அரைமணி முன்னால் போட்டுக்கொள்ள அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள்.

பைபிளில் வரும் எசேக்கியா அரசர் கதையை அந்த அக்காவுக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சாகக் கிடந்தவர் அழுது மன்றாடினார், 15 ஆண்டு ஆயுள் கூடியது. ஆனால் அந்தச் செய்தியைக் கொண்டுவந்த இறைவாக்கினர் எசாயாவே அத்திப்பழ அடையைப் புண்ணில் வைத்துக் கட்டச் சொன்னார். ஜெபமும் மருந்துப் பத்தும் ஒரே அறையில்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை ஒருசந்தி நோன்பு என்று வெறும் வயிற்றில் மாத்திரை போடுவதும் வேண்டாம். நோயாளிக்கு நோன்புக் கடமை இல்லை. அப்புறம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தாலோ, ஜெபமாலையை எடுக்குமுன் போனை எடுங்கள். ஜெபத்தை ஆட்டோவில் சொல்லிக்கொள்ளலாம்.

வலியைக் கடவுளிடம் மறைப்பது இன்னொரு தவறு. வருகிறவர்களிடம் "ஆண்டவர் புண்ணியத்துல நல்லாயிருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி, ஜெபத்திலும் அதையே சொன்னேன். ஒருநாள் பைபிளில் 13-ஆம் திருப்பாடலைத் திறந்தால், எடுத்த எடுப்பிலேயே எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று தாவீது சண்டை போடுகிறார். அன்றைக்கு நானும் போட்டேன். தூக்கம் வந்தது.

ஒரே நாளில் நடந்துவிட வேண்டும் என்று கேட்பதும் நம்மை நாமே வதைத்துக்கொள்வதுதான். பைபிளில், பெத்சாய்தா ஊரில் பார்வையற்ற ஒருவருக்கு இயேசுவே இரண்டு முறை கை வைக்க வேண்டியிருந்தது. முதல் முறை அவருக்கு மனிதர்கள் நடமாடும் மரங்களாகத் தெரிந்தார்கள். ஆறாவது வாரத்தில் வாக்கரோடு கழிப்பறைவரை போனபோது நான் அந்த மரக் கட்டத்தில் இருந்தேன்.

இப்போது என் வழக்கம் இது. கட்டிலில் காலை நீட்டி, ஜெபமாலையைப் பிடித்துக்கொள்கிறேன். குதிகாலை மெல்ல உள்ளே இழுத்து மடக்கும்போது "அருள் நிறைந்த மரியே", நீட்டும்போது "அர்ச்சிஷ்ட மரியாயே". ஜெபமாலையின் பத்து மணிகளுக்குப் பத்து மடக்கு. காலையில் இரண்டு, மதியம் ஒன்று, மாலையில் இரண்டு என்று ஐந்து பத்துமணியும் முடிந்துவிடும். மண்டியிடாமல் ஜெபித்தால் ஜெபமாகுமா என்று முதலில் உறுத்தியது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குச் சென்னை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலுக்குப் போனபோது மகன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவந்து போட்டான். சுற்றிலும் மண்டியிட்டவர்களுக்கு நடுவே நான் உட்கார்ந்தேதான் இருந்தேன்.

நேற்று தம்பி அளந்தார், 105. எட்டாவது மணியா ஒன்பதாவதா என்பதுதான் மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து மடக்கினேன்.