கொலராடோ வேட்டை, வனவிலங்குச் சட்ட மாற்றங்களைக் கண்காணிப்பது எப்படி?

அமெரிக்காவில் மான், கரடி வேட்டைக்கான விதிகளைப் பெரும்பாலும் அந்தந்த மாநிலமே போடுகிறது. செய்தியில் வந்த பிறகு தெரிந்துகொண்டால், கருத்துச் சொல்லும் கட்டம் பெரும்பாலும் தாண்டியிருக்கும். ஆகவே முன்கூட்டியே பின்தொடரப் பழகுவது நல்லது. கொலராடோவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

படி 1: மசோதாவைத் தேடுங்கள்

கொலராடோ சட்டமன்றம் ஜனவரியில் கூடி, 120 நாளில், அதாவது மே மாதத்தில் முடிகிறது. அதன் இணையதளத்தில் 'வைல்டுலைஃப்', 'ஹன்டிங்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். வந்த மசோதாவின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்பி22-031 என்றால் 2022இல் மேலவையான செனட்டில் தொடங்கிய மசோதா. எச்பி என்றிருந்தால் கீழவையில் தொடங்கியது. மசோதாக்களைப் பின்தொடர உதவும் லெஜிஸ்கேன் தளத்தில் இலவசக் கணக்கு திறந்து அந்த எண்ணைச் சேர்த்துவிட்டால், நகர்வுகளைக் கவனிப்பது எளிது.

படி 2: மசோதாவையே படியுங்கள்

தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் நம்ப வேண்டாம். கொலராடோ மசோதாக்களில் புதிதாகச் சேரும் சொற்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (கேபிடல்) இருக்கும். நீக்கப்படுபவை கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும். அவற்றை மட்டும் பார்த்தாலே என்ன மாறுகிறது என்று பிடிபட்டுவிடும். வனவிலங்குச் சட்டங்கள் கொலராடோ சட்டத் தொகுப்பின் 33ஆம் பாகத்தில் ('டைட்டில் 33') உள்ளன. 33 என்று தொடங்கும் பிரிவு எண் கண்ணில் பட்டால் நின்று படியுங்கள்.

படி 3: குழு விசாரணையைத் தவறவிடாதீர்கள்

அவைக்குப் போகும் முன் மசோதாவை ஆராயும் சட்டமன்றக் குழுவில்தான் மசோதாக்கள் அதிகம் மடிகின்றன. எஸ்பி22-031, பூமா, பாப்கேட், லின்க்ஸ் ஆகிய காட்டுப் பூனை இனங்களை வேட்டையாடுவதைத் தடுக்க வந்தது. செனட் வேளாண் குழுவிலேயே அது முடிந்துபோனது. மசோதாவின் இணையப் பக்கத்தில் 'போஸ்ட்போன் இன்டெஃபினிட்லி' என்று போட்டிருந்தால், தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கூட்டத்தொடரில் அந்த மசோதாவின் கதை முடிந்தது. விசாரணைக்கு முன்பே பதிவு செய்தால் இணையவழியிலோ எழுத்திலோ கருத்துச் சொல்லலாம்; நேரில் போயே ஆகவேண்டும் என்றில்லை.

இரு அவைகளும் நிறைவேற்றினாலும் ஆளுநர் மிச்சம் இருக்கிறார். ஓநாய்களை மீண்டும் கொண்டுவருவதைத் தள்ளிப்போடக்கூடிய எஸ்பி23-256 இரு அவைகளையும் கடந்தது. 2023 மே மாதம் ஆளுநர் ஜாரெட் போலிஸ் அதை வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் தடுத்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஆரிகன் மாநிலத்திலிருந்து கொண்டுவந்த 10 ஓநாய்கள் கொலராடோவில் விடப்பட்டன.

படி 4: மற்ற இரண்டு வாசல்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் சட்டமன்றத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏனென்றால் பல முடிவுகள் வேறு இடத்தில் எடுக்கப்படுகின்றன.

ஒன்று, ஆளுநர் நியமிக்கும் பூங்கா, வனவிலங்கு ஆணையம். வேட்டைப் பருவம் எப்போது, எத்தனை உரிமம் என்பதெல்லாம் இங்கேதான். இதன் கூட்ட நிகழ்ச்சி நிரலையும் வரைவு விதிகளையும் தனியே பாருங்கள். சட்டமன்றத்தில் தேடினால் இவை கிடைக்காது.

மற்றொன்று, மக்கள் வாக்கெடுப்பு. வசந்தகாலக் கரடி வேட்டையை 1992இல் தடுத்ததும், ஓநாய்களைக் கொண்டுவர 2020இல் முடிவெடுத்ததும் வாக்காளர்கள்தான். முன்னே சொன்ன காட்டுப் பூனை விவகாரத்தையே பாருங்கள்: 2022இல் குழுவில் மடிந்தது, 2024இல் முன்மொழிவு 127 ஆக வாக்குச்சீட்டில் வந்து நின்றது. அதை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். சட்டமன்றத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது இப்படித் திரும்பி வந்தது தெரிந்திருக்காது. வாக்கெடுப்புக்கு முன்வைக்கப்படும் மனுக்களை மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். கையெழுத்து சேகரிக்கும் கட்டத்திலேயே பட்டியலில் எண் இருக்கும். அதையும் உங்கள் குறிப்பேட்டில் சேருங்கள்.

சரி, எவ்வளவு அடிக்கடி பார்ப்பது? ஜனவரி முதல் மே வரை வாரம் இருமுறை. அப்புறம் ஆணையக் கூட்டங்களுக்கு முந்தைய வாரம் ஒருமுறை. தேர்தல் ஆண்டில் மனுக்களின் பட்டியலை மாதம் ஒருமுறை.