பனிக்காலத்தில் ஆர்.வி. குடியிருப்பு: புரொப்பேன் வீணாகாமல் வண்டியைச் சூடாக வைப்பது எப்படி?

30 பவுண்டு புரொப்பேன் சிலிண்டரில் 13.6 கிலோ கேஸ் இருக்கும். நம் ஊர் வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, கிட்டத்தட்ட அதே அளவுதான். ஊரில் ஒரு சின்னக் குடும்பம் ஒரு மாதம் சமைக்கிற அந்த கேஸை, அமெரிக்காவின் மின்னசோட்டாவிலோ மொன்டானாவிலோ ஜனவரி மாதத்தில் ஓர் ஆர்.வி.யின் (வீடாகவே அமைத்த வண்டி) ஃபர்னஸ், அதாவது கேஸ் ஹீட்டர், இரண்டே நாளில் காலி செய்துவிடும். கணக்கு இதுதான்: ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) புரொப்பேன் சுமார் 91,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தரும். 30 பவுண்டு சிலிண்டரில் 7 கேலன், அதாவது 6,40,000 பி.டி.யு. ஃபர்னஸ் மணிக்கு 30,000 பி.டி.யு. எரிப்பது என்றால், நிற்காமல் ஓடினால் 21 மணி நேரம். மணிக்கு அரை மணி ஓடினால் 42 மணி நேரம்.

இந்த ஃபர்னஸ்களில் எரிகிற வெப்பத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் உள்ளே வரும். மீதி புகைபோக்கி வழியே வெளியே போய்விடும். அதை நாம் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: உள்ளே வந்த சூடு வெளியேறாமல் பிடித்துவைத்து, ஃபர்னஸ் ஓடும் நேரத்தைக் குறைப்பது. ஆகவே புது ஹீட்டர் வாங்குவதைக் கடைசி வேலையாக வையுங்கள். வண்டியின் பக்கவாட்டில் ‘நான்கு பருவத்துக்கும் ஏற்றது’ என்று ஒட்டியிருப்பதை நம்பி இந்த வேலைகளைத் தவிர்க்க வேண்டாம். அந்தச் சொல்லுக்குத் தொழில்துறையில் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது.

முதலில் காற்று எங்கே கசிகிறது?

காற்று வீசும் நாளில் ஃபர்னஸ், அடுப்பு, தண்ணீர் ஹீட்டர், கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். ஜன்னல், கதவுகளைச் சாத்திவிட்டு, கூரை விசிறியைக் காற்றை வெளியே தள்ளும்படி ஓடவிடுங்கள். இப்போது ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி மூலை முடுக்கெல்லாம் காட்டினால், கசியும் இடத்தில் புகை உள்பக்கமாகச் சாயும்.

ஜன்னல் ஓரம்தான் முதலில் சந்தேகத்துக்கு வரும். ஆனால் பெரிய ஓட்டைகள் கண்ணில் படாத இடங்களில் இருக்கும். சமையலறை சிங்குக்குக் கீழே குழாய் தரையைத் துளைக்கும் இடம், கழிவறைக்குப் பின்புறம், ஷவர் தொட்டிக்கு அடியில், மின்கம்பி வண்டிக்குள் நுழையும் இடம், கட்டிலுக்குக் கீழே இருக்கும் சாமான் அறையின் வெளிக்கதவு: இவற்றை முதலில் பாருங்கள். குழாயைச் சுற்றியுள்ள சந்தில் முதலில் ஸ்டீல் கம்பளியைத் திணித்து, அதன்மேல் ஸ்ப்ரே ஃபோம் அடியுங்கள். வெறும் ஃபோம் மட்டும் அடித்தால் எலி கொறித்து வழி செய்துகொள்ளும். பனிக்காலத்தில் எலிகளும் சூடான இடத்தைத்தான் தேடும். சாமான் அறைக் கதவின் ரப்பர் பட்டை தட்டையாகிப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். காகிதம் தடையில்லாமல் வந்தால் பட்டை வேலை செய்யவில்லை.

ஸ்லைடு-அவுட் (வண்டியை நிறுத்தியதும் வெளியே நீளும் அறைப்பகுதி) இருக்கும் வண்டிகளில் அதன் கீழ் மூலைகள் இரண்டும் எப்போதும் கசியும். பைப் இன்சுலேஷன் ஃபோமை நீளவாக்கில் அறுத்து உள்பக்கச் சந்தில் திணிக்கலாம். ஸ்லைடை அசைப்பதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். இடம் போதுமென்றால் கடுங்குளிர் வாரங்களில் ஸ்லைடை உள்ளே இழுத்துவிடுவதே நல்லது. சூடாக்க வேண்டிய இடமும் குறையும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தரையும் கூரையும் குறையும்.

தரைக்கு அடியில்

ஒரே இடத்தில் குளிர்காலம் முழுக்க நிற்பவர்களுக்கு அதிக லாபம் தரும் வேலை ஸ்கர்ட்டிங்தான், அதாவது வண்டியின் அடிப்பகுதியைச் சுற்றிலும் பலகையால் அடைப்பது. வண்டியின் வயிற்றுக்குக் கீழே காற்று ஓடிக்கொண்டே இருந்தால், அண்டர்பெல்லிக்குள் (தரைக்கு அடியில் குழாய்களும் தொட்டிகளும் இருக்கும் இடம்) ஃபர்னஸ் அனுப்பும் சூடு எவ்வளவு வந்தாலும் போதாது. வடக்கு டகோட்டாவின் வில்லிஸ்டனில் எண்ணெய் வேலைக்கு வந்தவர்கள் ஆர்.வி.யில் குளிர்காலம் கழித்தபோது, சுற்றிலும் ஃபோம் போர்டு நிறுத்திய வண்டிகள்தான் அங்கே வழக்கமான காட்சி.

30 அடி டிரெய்லருக்குச் சுற்றளவு சுமார் 76 அடி. 4×8 அடி எக்ஸ்.பி.எஸ். (கெட்டியான பாலிஸ்டைரீன்) ஃபோம் போர்டு வாங்குங்கள். குறைந்தது 1 அங்குலத் தடிமன், முடிந்தால் 2 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு ஆர்-5 வெப்பத்தடை கிடைக்கும் (ஆர் எண் கூடக் கூடச் சூடு வெளியேறுவது குறையும்). தரையிலிருந்து வண்டியின் அடிவிளிம்பு 24 அங்குலத்துக்குள் இருந்தால் ஒரு பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுக்கலாம். 5 பலகை போதும். அதைவிட உயரமென்றால் 10 பலகை வேண்டும். இணைப்புகளில் ஃபாயில் டேப் ஒட்டுங்கள். சாதாரண டக்ட் டேப் குளிரில் பிசின் விட்டு உரிந்துவிடும். ஒவ்வொரு பலகைக்கும் வெளிப்பக்கம் இரண்டு இரும்புக் கம்பிகளை நிலத்தில் அடித்துத் தாங்கல் கொடுங்கள். நிலம் உறைவதற்கு முன்பே, அக்டோபரிலேயே அடித்துவிடுங்கள். டிசம்பரில் சம்மட்டி வைத்து அடித்தாலும் இறங்காது. பலகையின் அடியில் மண் அணையுங்கள். பனி விழுந்த பின் அதையும் அணைக்கலாம். பனியும் நல்ல காப்புதான்.

இதில் மூன்று விதிகளை மீறக்கூடாது. புரொப்பேன் சிலிண்டர்கள் ஸ்கர்ட்டிங்குக்கு வெளியே இருக்க வேண்டும், ஏனென்றால் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம்; கசிந்தால் அடியில் தேங்கி நிற்கும். ஃபர்னஸ், தண்ணீர் ஹீட்டர், ஜெனரேட்டர் ஆகியவற்றின் புகை வழியைப் பலகை மறைக்கவோ நெருங்கவோ கூடாது. ஃபோம் எரியும் பொருள், தடைபட்ட புகை உள்ளே திரும்பினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். மூன்றாவதாக, வண்டியை நிறுத்தியிருக்கும் ஆர்.வி. பார்க்கின் நிர்வாகத்திடம் கேட்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். ஃபோமுக்குப் பதில் வைக்கோல் கட்டு அடுக்க அநேக இடங்களில் தீ பயத்தால் தடை உண்டு.

ஜன்னலும் கூரையும்

ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்கு வெப்பத்தடை ஏறக்குறைய ஆர்-1 தான். ஹேர் டிரையரால் சுருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் படலம் நடுவே ஒரு காற்றடுக்கை உண்டாக்கி, அந்த இழப்பில் பாதியளவைக் குறைத்துவிடும். செலவு குறைவு, வெளிச்சமும் வரும். சட்டத்தை ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காயவிட்ட பிறகு ஒட்டுங்கள். இல்லையென்றால் டேப் ஈரத்தில் உரியும். வெள்ளிநிற பபிள் ஃபாயிலை இரவில் வைத்துப் பகலில் எடுத்துவிட வேண்டும். நிரந்தரமாக வைத்தால் பின்னால் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். தெற்குப் பக்க ஜன்னல்களைப் பகலில் திறந்த திரையோடு விடுங்கள். கூரை வென்ட் (காற்றுப்போக்கி) திறப்புகள் பெரும்பாலும் 14×14 அங்குலம். அந்த அளவுக்கு ஃபோம் மெத்தைகள் கடையிலேயே கிடைக்கும். எல்லாவற்றையும் அடைத்துவிடாமல் ஒரு வென்டையாவது திறக்கும்படி வைத்திருங்கள். காரணம் அடுத்து வருகிறது.

ஈரம்

ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது 1.6 கிலோவுக்கு மேல் தண்ணீர் உண்டாகும். ஃபர்னஸ் வெளிக்காற்றை இழுத்து எரித்து வெளியே விடுவதால் அந்த ஈரம் வண்டிக்குள் வராது. ஆனால் புகைபோக்கி இல்லாத கேட்டலிட்டிக் ஹீட்டரோ, கையில் தூக்கிச் செல்லும் ரேடியன்ட் ஹீட்டரோ உள்ளேயே எரிகிறது. 6,000 பி.டி.யு. ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவி சுவரிலும் ஜன்னலிலும் மெத்தைக்கு அடியிலும் போய் ஒட்டும். ‘நூறு சதவீதத் திறன்’ என்று பெட்டியில் எழுதியிருப்பது பொய்யில்லை. ஆனால் ஆக்சிஜனுக்காகவும் ஈரத்துக்காகவும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியிருப்பதால் அதில் ஒரு பங்கு வெளியே போகிறது. விழித்திருக்கும்போது ஓர் அறையை மட்டும் சூடாக்க அது சரி. தூங்கும்போது வேண்டவே வேண்டாம். சமையல் அடுப்பையோ ஓவனையோ ஹீட்டராகப் பயன்படுத்துவது எந்த நேரத்திலும் கூடாது.

சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள், வென்ட் விசிறியைப் போடுங்கள். குளித்த பின் பத்து நிமிடம் விசிறி ஓடட்டும். ஈரப்பத மானி ஒன்று வாங்கி வையுங்கள். 50 சதவீதத்துக்கு மேல் ஏறினால் ஏதோ தவறு.

ஃபர்னஸைச் சரிபார்த்தல்

தெர்மோஸ்டாட் (அறை வெப்பநிலையைப் பார்த்து ஃபர்னஸை இயக்கும் கருவி) சூடு கேட்டதும் முதலில் ப்ளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) ஓடும். அதன் காற்று செயில் சுவிட்ச் என்னும் சின்னத் தகட்டைத் தள்ளி மூடினால்தான் கேஸ் வால்வு திறக்கும். பிறகு பொறி, பிறகு தீ. ப்ளோயர் ஓடுகிறது, தீ வரவில்லை என்றால் பேட்டரியை முதலில் சந்தேகியுங்கள். 12 வோல்ட் சுமார் 10.5க்கு இறங்கினால் ப்ளோயர் மெதுவாகச் சுற்றும், தகடு மூடாது. நாய், பூனை வளர்ப்பவர்கள் வண்டியில் அந்தத் தகட்டில் முடி சுற்றிக்கொண்டிருக்கும். தீ பிடித்துச் சில வினாடியில் அணைந்தால் எலக்ட்ரோடு, எர்த் இணைப்பு அல்லது கேஸ் அழுத்தம். அடிக்கடி நின்று நின்று ஓடினால் சூடான காற்று போக வழியில்லாமல், அளவுமீறிச் சூடேறினால் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் வெட்டுகிறது.

கடைசியாகச் சொன்னதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். ஆளில்லாத அறையின் காற்றுத் துளையை மூடினால் கேஸ் மிச்சமாகும் என்று தோன்றும். ஆர்.வி. ஃபர்னஸுக்குக் குறைந்தபட்சம் இத்தனை டக்ட் (சூடான காற்று போகும் குழாய்) திறந்திருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் வரையறுத்திருப்பார். அதற்குக் கீழே மூடினால் ஃபர்னஸ் அதிகமாகச் சூடேறி நிற்கும், எரித்த கேஸின் சூடு புகையோடு போகும். ஃபர்னஸ் அறையைத் திறந்து, 4 அங்குல வளையும் டக்டுகள் நசுங்கியோ கழன்றோ கிடக்கின்றனவா பாருங்கள். திரும்பு காற்று வரும் கிரில்லுக்கு முன்னால் பெட்டி, துணிமூட்டை வைக்காதீர்கள். இலையுதிர்காலத்தில் வெளிப்புகை வாயில் குளவிக் கூடு இருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

ப்ளோயர் 7 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். 8 ஆம்பியர் என்று வைத்து, 12 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 48 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதால், மின் இணைப்பு இல்லாதவர்களுக்கு ஒரு பேட்டரி விடியும்வரைதான் தாங்கும். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது.

தெர்மோஸ்டாட்டை இரவில் 5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் குறைக்காதீர்கள். மெல்லிய சுவர் வண்டியில் காலையில் சூட்டை மீட்க நேரம் பிடிக்கும். அதற்குள் குழாய் உறைந்திருக்கும்.

சிலிண்டர், ரெகுலேட்டர்

புரொப்பேன் −42 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதனால்தான் கடுங்குளிரிலும் வாயுவாகிறது. ஆனால் ஆவியாக அதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்து வருகிறது. பூஜ்ய டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் −18 செல்சியஸ்), கால்வாசி கேஸ் மட்டும் இருக்கும் சிலிண்டரில் திரவம் தொடும் பரப்பு குறைவு. ஃபர்னஸ் கேட்கும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. ‘கேஸ் இருக்கிறது, ஃபர்னஸ் எரியவில்லை’ என்பதற்கு இதுவே வழக்கமான காரணம். சோதிக்க எளிய வழி: அடுப்பில் இரண்டு பர்னரை ஏற்றிவிட்டு ஃபர்னஸைப் போடுங்கள். தீ சட்டென்று சிறுத்தால் சிலிண்டரோ ரெகுலேட்டரோ போதவில்லை. ரெகுலேட்டர் 11 அங்குல நீர்மட்ட அழுத்தம் (நீரின் உயரத்தால் சொல்லும் அழுத்த அளவு) தர வேண்டும். அதை மானோமீட்டர் என்னும் அழுத்தமானி வைத்துக் கேஸ் தொழிலாளர் அளக்கட்டும்.

சிலிண்டரைக் கம்பளியால் சுற்றினால் பலன் தலைகீழாகும். போர்வை தானாகச் சூடு தராது. வெளிக்காற்று தரும் கொஞ்ச வெப்பத்தையும் தடுத்துவிடும். சிலிண்டருக்கென்றே செய்த மின்சாரச் சூடாக்கிப் பட்டை வேறு, அது பயன்படும். தீயோ, சூட்டு விளக்கோ காட்டக்கூடாது. ரெகுலேட்டரின் மூச்சுத் துளை கீழ்நோக்கி, பனிக்கட்டி அடைக்காதபடி மூடி போட்டு இருக்க வேண்டும்.

மாற்றிக்கொடுக்கும் கடைகளில் 20 பவுண்டு சிலிண்டரில் 15 பவுண்டு மட்டுமே நிரப்பியிருப்பது வழக்கம். நிரப்பும் இடத்தில் உங்கள் சிலிண்டரையே கொடுத்து நிரப்புவது மலிவு. கழுத்துப் பட்டையில் பொறித்திருக்கும் வெற்று எடையை மொத்த எடையிலிருந்து கழித்தால் மீதி கேஸ் தெரியும். லக்கேஜ் தராசு போதும். நவம்பர் முதல் மார்ச் வரை ஒரே இடம் என்றால், கேஸ் நிறுவனத்திடம் 100 பவுண்டு அல்லது அதைவிடப் பெரிய டேங்கை வாடகைக்குக் கேளுங்கள். விலையும் குறையும், பரப்பு அதிகமென்பதால் ஆவியாவதும் சிக்கலின்றி நடக்கும்.

மின்சாரத்தோடு ஒப்பிட்டால்

ஒரு கேலன் புரொப்பேன் ஃபர்னஸ் வழியாகத் தரும் பயன்படு வெப்பம், மின் ஹீட்டரில் 20 யூனிட் தருவதற்குச் சமம். உங்கள் யூனிட் விலையை 20ஆல் பெருக்குங்கள். 15 சென்ட் என்றால் 3 டாலர். கேஸ் அதைவிட விலை அதிகமென்றால் மின்சாரம் மலிவு. மாத வாடகைக்கு நிற்பவர்களுக்குப் பல பார்க்குகளில் மின்கட்டணம் தனி என்பதையும் கணக்கில் சேருங்கள்.

1,500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுத்து 5,100 பி.டி.யு.தான் தரும். 30 ஆம்பியர் இணைப்பில் இரண்டைப் போட்டால் மைக்ரோவேவுக்கு இடமிராது. எக்ஸ்டென்ஷன் கம்பி வழியாக ஓட்டாதீர்கள். ஒரு மணி நேரம் ஓடிய பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் உடனே கழற்றிவிடுங்கள்.

இன்னொரு கண்ணி: மின் ஹீட்டர் அறையை இதமாக வைத்திருந்தால் தெர்மோஸ்டாட் ஃபர்னஸைக் கூப்பிடாது. அண்டர்பெல்லிக்குச் சூடு அனுப்பும் டக்ட் ஃபர்னஸோடுதான் சேர்ந்திருக்கும். உள்ளே நீங்கள் சட்டையோடு உட்கார்ந்திருக்க, கீழே தண்ணீர்த் தொட்டி உறைந்துகொண்டிருக்கும். கழிவுத் தொட்டிக்கு அருகே ஒரு தொலை வெப்பமானியின் சென்சாரை ஒட்டி, அது 38 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (சுமார் 3 செல்சியஸ்) கீழே இறங்கினால் மின் ஹீட்டரை அணைத்துவிட்டு ஃபர்னஸை ஓடவிடுங்கள்.