ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஒலிகளைப் பிரித்தறியக் கற்பித்தல்

பயிற்சியைத் தொடங்குமுன் குழந்தையின் செவித்திறனைப் பரிசோதித்துவிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலும், டிவியில் விளம்பரப் பாட்டு வந்தால் ஓடி வருவதைப் பார்த்து, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று பெற்றோர் முடிவுசெய்வதுண்டு. சில அதிர்வெண்களில் மட்டும் உள்ள குறைபாடு இப்படிப் பார்த்தால் பிடிபடாது. ஒத்துழைக்க மறுக்கும் குழந்தைக்கு, உறங்கும்போதே செய்யக்கூடிய பெரா (BERA) பரிசோதனை, அதாவது ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்னலைகளை அளக்கும் பரிசோதனை, இருக்கிறது.

முதலில் ஒலியோடு ஒலியைப் பொருத்தப் பழக்குங்கள், படங்களை வைத்து "நாய் எங்கே?" என்று கேட்பதெல்லாம் பிறகுதான். உள்ளிருப்பது தெரியாத, ஒரே மாதிரியான நான்கு டப்பாக்களை எடுத்து, இரண்டில் அரிசியும் இரண்டில் நாணயங்களும் போட்டு மூடி, வகைக்கு ஒன்றாகக் குழந்தையின் முன் வைத்துவிட்டு, மற்ற இரண்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மாண்டிசோரி பள்ளிகளின் ஒலிப்பெட்டிகளும் இதே வகையைச் சேர்ந்தவைதான். நீங்கள் ஒன்றைக் குலுக்கியதும், குழந்தை தன் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் குலுக்கிக் கேட்டு, அதே ஒலி உள்ளதை எடுத்துத் தர வேண்டும். தொடக்கத்தில் சரியான டப்பாவைச் சுட்டிக்காட்டி உதவுங்கள். நாளடைவில் அந்த உதவியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சரியாகத் தந்தவுடன், தாமதிக்காமல், குழந்தைக்குப் பிடித்த ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

இதில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ஒளி, ஒலி, தொடுதல் மூன்றையும் ஒருசேரக் கொடுத்துப் பழக்கியபோது, ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பெரும்பாலும் அவற்றில் ஒன்றை மட்டுமே பற்றிக்கொண்டதை உளவியலாளர் லோவாஸும் சக ஆய்வாளர்களும் 1971இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். ஆகவே உங்கள் கண் சரியான டப்பாவின் பக்கம் போனாலோ, விடை எப்போதும் வலப்புறமே இருந்தாலோ, குழந்தை காதைப் பயன்படுத்தாமலேயே எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடும். குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது என்று நீங்களும் நம்பிவிடுவீர்கள். டப்பாக்களை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வையுங்கள். குலுக்கும்போது குழந்தையின் முகத்தை மட்டும் பாருங்கள்.

குக்கர் விசிலுக்கும் மிக்ஸிக்கும் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கு அந்த ஒலிகளைப் பயிற்சியில் சேர்க்கவே வேண்டாம்.

சொற்களுக்கு வரும்போது, 'பூ', 'தக்காளி' போல வெகுவாக வேறுபடுபவற்றில் தொடங்கி, அவை பிடிபட்ட பின்னரே 'பல்', 'பால்', 'கல்', 'கால்' எனக் குறில் நெடிலுக்கு நகரலாம். இங்கே வாயசைவைப் பார்த்தும் விடை சொல்லிவிட முடியுமாதலால், சில முறை பக்கத்தில் அமர்ந்துகொண்டு சொல்லிப் பாருங்கள். ல, ள, ழ வேறுபாடு கடைசியில் வரட்டும். வீட்டுப் பெரியவர்களே 'வாளப்பளம்' என்று சொல்லும் குடும்பமானால், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.